நாற்பத்து நாலு மணி நேரம்

நிஷாந்த் கொண்டுவந்த தாளில்
தொண்ணூற்றொன்பது புள்ளி ஐந்து சதவீதம்
தடித்த எழுத்தில் இருந்தது.
மீதி அரை சதவீதம் பற்றித்
தாள் வாயைத் திறக்கவில்லை.
கால்குலேட்டரில் தட்டினேன்.
வருஷத்துக்கு நாற்பத்து நாலு மணி நேரம்.

எந்த நாற்பத்து நாலு, தம்பி?
ஞாயிற்றுக்கிழமை மதியம்
முதலாளி வஞ்சிரம் தின்று உறங்கும்போதா?
கேட் பாஸ் இறங்காமல்
எண்ணூர் விரைவுச் சாலையில் எங்கள் டிரெய்லர்கள் பதினொன்றும்
ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு கிடக்கும்போதா?

சிரித்தான். நல்ல சிரிப்பு.
கழுத்தில் புதுக் கம்பெனியின் அட்டை.
அதைத் தொங்கவிட்ட கயிற்றில்
போன கம்பெனியின் பெயர்.

மறுநாள் காலை
வயரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.
தண்டையார்பேட்டையில் எங்கள் ஜன்னல்,
கீழே வெல்டிங் பட்டறையின் தகரம்,
எதிர்க் கம்பம், முருங்கை மரம்,
மாதா படம் ஒட்டிய சலூன் பலகை,
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு முன்னால்
கம்பத்தின் இடுப்பில் ஒரு கறுப்பு மூட்டை.
உள்ளே போனது எங்கள் வயர்.
வெளியே வந்தவற்றில் எது எங்களுடையது,
தெரியவில்லை.

ஏணியில் எபிநேசர்.
எந்தக் கம்பெனிங்க?
"எல்லாக் கம்பெனிக்கும் நான்தாம்மா."
மெயின் லைன் இதுலயா போவுது?
"ஆமா."
பேக்கப்?
"அதுவும் இதுலதான். கம்பம் சாஞ்சா
ரெண்டும் ஒண்ணா பூடும்."
பேக்கப்புக்கென்று மாதம் நாலாயிரம்
தனி வரியில் போட்டிருந்தான் நிஷாந்த்.

காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி பரக்கத்துல்லா
அதே கம்பெனியில் ரெண்டு வருஷமாக இருக்கிறார்.
மழைக்கு எப்படி பாய்?
"மழை வராத வரிக்கும் பிரமாதம்."

இரவு இரண்டே காலுக்கு
வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன்,
இன்னும் வாடிக்கையாளர் ஆகாத நான்.
புல்லாங்குழல், பதினேழு நிமிஷம்.
பிறகு ஒரு பெண்,
கொட்டாவியைப் பாதியில் விழுங்கிய குரல்.
கணக்கு எண் சொல்லுங்க மேடம்.
இல்லீங்க.
அப்புறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?
எடுப்பீங்களான்னு பார்க்க.

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவளுக்குப் பின்னால் வேறு போன்கள்
அடித்து அடித்து ஓய்ந்தன.
"நைட்டுல ரெண்டு பேர்தான் மேடம்" என்றாள்,
"மொத்த ஸ்டேட்டுக்கும்."
இது எந்தத் தாளிலும் அச்சாகவில்லை.

ஒன்பதாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில்:
லைன் செத்தால் வாடகையில் கழிவு உண்டு.
கணக்குப் போட்டேன்,
மணிக்குப் பதினைந்து ரூபாய்.
துறைமுக வாசலில் ஒரு மணி நேரம்
வண்டி நின்றதற்கு
டிரைவருக்கு ஒரு டீ.
கிளீனருக்கு இல்லை.

பன்னிரண்டாம் பக்கம்: முப்பத்தாறு மாதம்.
நடுவில் போனால் மீதி மாதங்களையும்
கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.
எங்கள் நம்பர் எங்களோடு வருமா
என்பதற்குப் பக்கமே இல்லை.
பதினொரு வண்டியின் கதவிலும் அந்த நம்பர்
மஞ்சள் பெயின்ட்டில் இருக்கிறது.
விசாகப்பட்டினம் டாபாவில்
எவனோ பீடியோடு அதைப் படித்துவிட்டு
லோடு இருக்கான்னு கூப்பிடுவான்.

"ஒரு கையெழுத்துக்கு ஒம்போது நாளாம்மா?"
தசரதன் சார் பேனாவைத் திறந்துவிட்டார்.
வாங்கி மூடினேன்.
முப்பத்தாறை அடித்துப் பன்னிரண்டு.
பேக்கப் வரியில் ஒரு கோடு.
நம்பர் எங்களுடையது என்று
ஓரத்தில் என் கையால் எழுதினேன்.

நிஷாந்த் பார்த்தான், வியர்த்தான்.
மேனேஜரைக் கேட்கணும் மேடம்.
கேளுங்க.
செல்லைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான்,
மாடிப்படிக்குப் போனான்,
பட்டறைத் தகரத்தின் மேல் பாதி உடம்பைச் சாய்த்தான்.
திரும்பி வந்து தயங்கினான்.
உங்க லேண்ட்லைன்ல ஒரு கால்...

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியபோது
மூன்று முறை செத்துப் பிழைத்த போன்.
கழுத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது.
அவன் பக்கம் நகர்த்தினேன்.
அந்தப் பக்கம் ரிங் போனது.
நாலு. ஐந்து.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.